ப்ரோப் மேல் பழி போடாதீர்கள்

போன மழைக்காலத்தில் ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஓர் அலுவலகத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். பல ஊர்களில் இருக்கும் மீன் காட்சிக்கூடங்களின் தண்ணீரை ஒரே இடத்தில் உட்கார்ந்து திரையில் கண்காணிக்கும் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். தண்ணீரை அளக்கும் ப்ரோப்பை எங்கே பொருத்துவது, எப்படிப் பராமரிப்பது என்று வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருத்தி சொல்ல வேண்டும். முடிந்ததும் சால்வை, சமோசா, போட்டோ.

நான் பாதி பேசும்போதே கோயம்புத்தூர்க்கார இன்ஜினீயர் ஒருவர் கையைத் தூக்கினார். மரியாதையானவர்தான்.

"இப்பெல்லாம் அந்தத் தொல்லையே இல்லீங்க மேடம். ப்ரோப் திடீர்னு கன்னாபின்னான்னு காட்டுச்சுன்னா, சாஃப்ட்வேரே அதைக் கழிச்சுப் போட்டு மழமழன்னு ஒரு கோடு போட்டுக் குடுத்துருமுங்க."

"கழிச்சுப் போட்டதை யாராவது எடுத்துப் பாக்கறதுண்டா?"

"எதுக்குங்க மேடம்? அது குப்பைதானுங்களே."

அதற்கு மேல் தயாரித்து வைத்திருந்த பேச்சு எனக்கு ஓடவில்லை. அந்தக் குப்பையால் என் வாழ்க்கையில் நடந்த ஒரு சமாச்சாரத்தைச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "நீங்க அதைக் கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கலாமே மேடம்?" என்றாள். பக்குவம். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தலை நரைத்தது. அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இங்கேதான். பாலிடெக்னிக்கில் கருவியியல் டிப்ளமா முடித்துவிட்டு, பாலாநகரில் மீட்டர்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். தண்ணீரின் அமிலத்தன்மை, உப்பு, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைச் சரிபார்த்து அனுப்புவது என் பிரிவு. அங்கே கற்றதுதான் கடைசி வரைக்கும் சோறு போட்டது. அந்தப் பிரிவை மூடியபோது எனக்கு நடுவயது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். நகரின் மேற்குப் பக்கம் ஒரு பெரிய மாலில் கடல்மீன் காட்சிக்கூடம் வரப்போகிறது, ப்ரோப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் வீடு இருந்த மௌலா அலியிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறிப் போய் வர வேண்டும். போனேன்.

என்னை நேர்காணல் செய்தவர் பெஞ்சமின் சார். தொட்டிகளின் உயிர் காக்கும் ஏற்பாடு முழுவதும் அவர் பொறுப்பு. பம்ப், வடிகட்டி, குளிரூட்டி, காற்று எல்லாம் அவர் கையில். தூத்துக்குடிக்காரர், மீன்வளக் கல்லூரியில் படித்தவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். நீங்கள் செய்தது சரி என்றால் அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுவார். தப்பு என்றால், உங்கள் முன்னாலேயே அதைப் பிரித்து, தானே முதலிலிருந்து செய்வார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். திட்டு வாங்கினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அவருக்கும் ஒரு வாக்குவாதம். பெரிய தொட்டிக்குப் பின்னால், பார்வையாளர் கண்ணில் படாத அறையில் ஒரு சம்ப் இருந்தது. தொட்டித் தண்ணீர் அதற்குள் இறங்கி, சுத்தமாகி, குளிர்ந்து, பம்ப் வழியாகத் திரும்பத் தொட்டிக்கு ஏறும். வெப்பத்தை அளக்கும் ப்ரோப்பைக் குளிரூட்டியிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் பொருத்தினேன். பார்க்க வசதியான இடம். எண்ணும் அழகாக ஆடாமல் நின்றது.

பெஞ்சமின் சார் அதைக் கழற்றினார்.

"ஏன் சார்? நல்லாத்தானே காட்டுது?"

"நல்லாத்தான் காட்டும். இது குளிரூட்டி சொல்லுத சேதி. மீன் கெடக்குத தண்ணி என்ன சொல்லுதுன்னு நமக்கு வேண்டாமா?"

தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கி வரும் சம்ப்பின் முதல் தடுப்பில், குமிழி அடங்கிய இடமாகப் பார்த்து, அதைப் பொருத்தினார். அந்த வாதத்தில் நான் தோற்றேன். நியாயமாகத் தோற்றேன். அதற்குப் பிறகு ப்ரோப் விஷயத்தில் அவருக்கும் எனக்கும் ஒரே மதம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ரோப் என்பது தடித்த பேனா மாதிரி இருக்கும். ஒரு முனை தண்ணீருக்குள். மறு முனையிலிருந்து ஒரு கம்பி மீட்டருக்குப் போகும். அமிலத்தன்மையை, அதாவது பி.எச்சை, அளக்கும் ப்ரோப்பின் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. அதைத் துடைக்கக் கூடாது. மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைத்தால் கண்ணாடியில் மின்னேற்றம் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரத்துக்கு உளறும். காய விடக் கூடாது. கழற்றி வைத்தால் அதற்கென்று உள்ள உப்புக் கரைசலில் ஊற வைக்க வேண்டும். சுத்தமான தண்ணீர்தானே என்று வடித்த நீரில் போட்டு வைத்தால், உள்ளே இருப்பது கசிந்து ப்ரோப் செத்துப்போகும். சுண்ணாம்பு படிந்தால் நீர்த்த வினிகரில் சிறிது நேரம் வைத்து, உடம்பை மட்டும் மிருதுவான பல் பிரஷ்ஷால் தேய்க்கலாம். வெளிச்சம் விழும் இடத்தில் பொருத்தினால் பாசி பிடிக்கும். குமிழி வரும் இடத்தில் பொருத்தினால் எண் ஆடும். பம்ப் நின்று தண்ணீர் மட்டம் இறங்கினாலும் நுனி மூழ்கியிருக்கும் ஆழத்தில் பொருத்த வேண்டும். கம்பியில் ஓர் இறக்கம் விட வேண்டும். வழிந்து வரும் சொட்டு அந்த இறக்கத்தில் விழட்டும், மீட்டருக்குள் போக வேண்டாம். மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டவே கூடாது.

பெஞ்சமின் சார் ப்ரோப்பைத் தொடுவதற்கு முன் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி. அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்கும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. எண் நிற்கும்வரை காத்திருப்பார். நின்ற பிறகும் கொஞ்சம் காத்திருப்பார். உபயோகித்த கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றியதற்காக ஒரு ஆளின் முன்னால் பாட்டில் முழுவதையும் சாக்கடையில் கொட்டினார். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் விவரம் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் பெரிய தொட்டியில் களவா, திருக்கை, சின்னச் சுறாக்கள், வௌவால் மீன் கூட்டம் என்று பலதும் இருந்தன. ஆனால் ஜனங்கள் மீனை எத்தனை தடவை பார்ப்பார்கள்? கூட்டம் குறைந்ததும் முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். சனி, ஞாயிறுகளில் கடற்கன்னிக் காட்சி. மின்னும் வால் கட்டிக்கொண்டு ஒரு பெண் தொட்டிக்குள் இறங்கி நீந்துவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகளுக்கு முத்தம் பறக்க விடுவாள். அவள் நீந்தும்போது பின்னணியில் ஓர் அருவி விழ வேண்டும் என்று, அதற்கென்றே தனி பம்ப் ஒன்றைச் சம்ப்புக்குள் இறக்கினார்கள்.

கடற்கன்னியின் பெயர் நஸ்ரீன். வாரநாட்களில் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள். நடுநடுவே ஆமாவுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் வரும். என் பேச்சும் அப்படித்தான் என்பதால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. காட்சி முடிந்து உதடு நீலமாக நடுங்கிக்கொண்டு வருவாள். டீ கொடுப்பேன். தன் மூச்சை எவ்வளவு நேரம் பிடிக்கிறாள் என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

பள்ளி விடுமுறை தொடங்கிய சமயம். ஒரு சனிக்கிழமை காட்சி நடக்கும்போது பி.எச். மீட்டரின் எண் தாவியது. எட்டுக்குச் சற்று மேலே நிற்க வேண்டிய எண், சட்டென்று ஏழுக்குக் கீழே விழுந்து மறுபடி ஏறிற்று. திரும்ப விழுந்தது. அவ்வளவு பெரிய தொட்டியின் தண்ணீர் ஒரு நொடியில் மாறி மறு நொடியில் பழையபடி ஆக முடியாது. ஆக, தண்ணீரின் அமிலத்தன்மை மாறவில்லை. வேறு ஏதோ நடக்கிறது.

பெஞ்சமின் சாரிடம் சொன்னேன். "ப்ரோப் வயசாயிருக்கும். புதுசு போடுங்கம்மா," என்றார்.

புதிது போட்டேன். கரைசலில் வைத்துச் சரிபார்த்தேன். இணைப்பைக் காய வைத்தேன். கம்பியைத் தனி வழியாக இழுத்துக் கட்டினேன். ஞாயிறு காலையில் அருவியை ஓட்டிப் பார்த்தபோது மறுபடி தாவியது.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குவளையில் அதே சம்ப் தண்ணீரை மொண்டு, வெளியே மேசையில் வைத்து, ப்ரோப்பை அதில் விட்டேன். எண் பாறை மாதிரி நின்றது. ப்ரோப்பை எடுத்துச் சம்ப்பில் விட்டேன். தாவிற்று. அதே ப்ரோப், அதே தண்ணீர். குவளையில் இல்லாத ஒன்று சம்ப்பில் இருக்கிறது. என்ன இருக்கும்? பம்ப்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பெரிய பம்ப்பை நிறுத்தியபோதும் தாவல் நிற்கவில்லை. அருவி பம்ப்பை நிறுத்தினேன். எண் அடங்கியது. மறுபடி போட்டேன். தாவிற்று.

தண்ணீரில் மின்சாரம் கசிகிறது. பி.எச். ப்ரோப் என்பது மிகச் சின்ன மின்னழுத்தத்தைப் படிக்கும் கருவி. தண்ணீருக்குள் வேண்டாத மின்சாரம் வந்தால் முதலில் அலறுவது அதுதான்.

மீனுக்கு ஒன்றும் தெரியாது. அது முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. மனிதர் இறங்கினால் கதை வேறு. தொட்டிக்குள் இறங்க ஒரே ஒரு இரும்பு ஏணி. அது கட்டடத்தின் இரும்புச் சட்டத்தோடு முடுக்கப்பட்டது. நஸ்ரீன் உடம்பைத் தண்ணீரில் நழுவ விட்டு, ஏணியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள், ஏறுவாள். மின்சாரத்துக்கு அதைவிட நல்ல பாதை வேண்டாம்.

மல்டிமீட்டரை எடுத்தேன். மேலே போய் ஒரு முனையைத் தொட்டித் தண்ணீரிலும் மறு முனையை ஏணியிலும் வைத்தேன். எண் காட்டியது. பெஞ்சமின் சாரை அழைத்துக் காட்டி, திரும்பச் சம்ப் அறைக்கு வந்து விவரம் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லுதது எனக்குப் புரியுதும்மா. ஆனா இத்தனை மோட்டாரு ஓடுத எடத்துல மீட்டர் எப்பவும் கொஞ்சம் காட்டத்தான் செய்யும். தூண்டல் அது. தொட்டா ஒண்ணும் இருக்காது."

அதுவும் உண்மைதான். அப்படியும் காட்டும். இரண்டில் எது என்று மீட்டரை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதனால் கேட்டேன்:

"ட்ரிப்பர் இருக்குல்ல சார்? கசிஞ்சா விழுந்திருக்கணுமே. ஏன் விழல?"

மின்சாரம் வழி தவறினால் கண் இமைப்பதற்குள் லைனைத் துண்டிக்கும் சின்னப் பெட்டியைத்தான் நாங்கள் ட்ரிப்பர் என்போம். அவர் சம்ப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் யாதகிரி பக்கத்தில்தான் இருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ட்ரிப்பரைச் சுற்றித் தனியாக ஒரு வயர் போட்டிருக்கிறது அம்மா, அது லைனிலேயே இல்லை என்று தெலுங்கில் சொன்னார்.

"யாரு போடச் சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்," என்றார் பெஞ்சமின் சார்.

அப்போதுதான் விவரம் தெரிந்தது. அருவி பம்ப்பும் மீன்களுக்குக் காற்று கொடுக்கும் பம்ப்பும் ஒரே லைனில் இருந்தன. அதற்கு முந்தைய மாதம் ஒரு நாள், காட்சிக்கூடம் மூடியிருந்தபோது ட்ரிப்பர் விழுந்து, காற்று நின்று, ஒரு திருக்கையும் பல வௌவால்களும் செத்தன. குளிரூட்டி மக்கர் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். புது லைன் வரும்வரை ட்ரிப்பரைத் தாண்டி வயர் போடச் சொல்லியிருக்கிறார் அவர். புது லைன் வரவில்லை. மீன் பிழைக்க வேண்டும் என்று செய்தது. அந்த மனிதர் மீனுக்காக எதையும் செய்வார். ஆனால் ட்ரிப்பர் அன்று எதற்காக விழுந்தது என்று அவர் தேடவில்லை. தேடாமல் அதன் வாயைக் கட்டிவிட்டார்.

"இன்னைக்கு யாரும் எறங்கக் கூடாது சார்."

"ஒரு வழி சொல்லுதேன். அருவிய நிறுத்திருவோம். ஷோ நடக்கட்டும்."

"அந்த ஒண்ணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ட்ரிப்பர் இல்லாம நக்கோ சார். ஒருத்தரையும் விட மாட்டேன்."

"முதலாளி வீட்டு விருந்தாளிக வந்துருக்காகம்மா. வெளிய கூட்டத்தப் பாத்தியளா?"

பார்த்தேன். அதற்குள் காட்சிக்கு நேரமாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்துவது கேட்டது. நான் மாடிப்படி ஏறித் தொட்டியின் மேல்தளத்துக்குப் போனேன். நஸ்ரீன் வாலைக் கட்டி முடித்து, தயாராக விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் ஏணியின் தலைப்படியில், இரண்டு கைப்பிடிக்கும் நடுவில், தண்ணீரில் கால் படாமல் தளத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். இறங்குவதானால் என்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

முதலாளி வந்தார். "ஏன்ட்டம்மா இதி?" என்றார், என்னம்மா இது என்று. கெட்டவர் இல்லை. என்னை எப்போதும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் சொன்னேன். அவர் பெஞ்சமின் சாரைப் பார்த்தார். பெஞ்சமின் சார், "ப்ரோப் கொஞ்சம் தகராறு பண்ணுது சார்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ப்ரோப் மேல பழி போடாதீங்க சார்," என்றேன். அவரிடம் அப்படி நான் பேசியதில்லை. "அது ஒண்ணுதான் இங்க உண்மையச் சொல்லிட்டிருக்கு."

முதலாளி தெலுங்கில் நயமாகப் பேசினார். பிள்ளைகள் அழுவார்கள், பெயர் கெட்டுவிடும், நாளைக்கு எல்லாம் சரி செய்துவிடலாம். நான் நகரவில்லை. பிறகு நயம் போயிற்று. வேலையை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்றார். போகிறேன், ஆனால் யாதகிரி ட்ரிப்பரை லைனில் போடும் வரைக்கும் இந்தப் படியை விட்டுப் போக மாட்டேன் என்றேன்.

என்மேல் அங்கே அதிகம் கோபப்பட்டது யார் தெரியுமா? நஸ்ரீன்.

"கைக்கு அம்மா? ஏன் இப்படிப் பண்றீங்க? ஷோ இல்லன்னா எனக்கு அன்னைக்குக் கூலி இல்ல. அடுத்த வாரம் வேற பொண்ணக் கூட்டிட்டு வருவாங்க."

"கரண்ட் கசியுதுடி தண்ணியில."

"எனக்கு பயமெல்லாம் நக்கோ சொல்லுங்க. நான் எவ்ளோ தாங்குவேன் தெரியுமா உங்களுக்கு? நேத்துகூட ஏணியப் புடிச்சா கை பூரா சுருக்சுருக்குனு குத்துச்சு. காலுல வால் ஒரசின புண்ணு இருக்கில்ல, அங்க நெருப்பு வெச்ச மாதிரி இருந்துச்சு. அப்பவும் சிரிச்சிட்டே முழு ஷோ பண்ணேன். யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல!"

தன் வீரத்தைச் சொன்னாள், பாவம். முதலாளிக்குத் தமிழ் அரைகுறை. அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். நான் பெஞ்சமின் சாரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அவர் மெதுவாக நஸ்ரீன் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். "ஏணியப் புடிச்சப்பதானா? தண்ணிக்குள்ள இருக்கும்போது இல்லியா?"

"ஹவ் சார். ஏணி புடிச்சா மட்டும்."

அவர் எழுந்து கைபேசியை எடுத்தார். வாசல் கவுண்ட்டரைக் கூப்பிட்டு, அதே தணிந்த குரலில், "இன்னைக்கு ஷோ கெடையாது. எல்லாருகிட்டயும் சொல்லிருங்க," என்றார்.

"யார் முடிவு செய்வது இதை?" என்று முதலாளி கேட்டார். அதற்குள் பெஞ்சமின் சார் படியை நோக்கி நடந்துவிட்டார். கீழே இறங்கிப் போய், யாதகிரியோடு சேர்ந்து அருவி பம்ப்பை வெளியே தூக்கினார். பம்ப்புக்குள் கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் உறை வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

கழுவி, காய்ந்த பலகையில் வைத்து எல்லாரும் பார்த்தோம். நஸ்ரீன் வாலைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்து அதை எட்டிப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

கசிந்தது அந்த ஒரு பம்ப் மட்டும்தான். அதை நிறுத்திவிட்டுக் காட்சியை நடத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பிறகு பலபேர் சொன்னார்கள். பெஞ்சமின் சார் சொன்ன வழி சரிதான், நீ அநாவசியமாக அடம் பிடித்தாய் என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். ஒன்றும் ஆகியிருக்காதுதான். அதை நாங்கள் தெரிந்துகொண்டது பம்ப்பை வெளியே எடுத்துப் பார்த்த பிறகு. இறங்கச் சொன்ன நேரத்தில் அது யாருக்கும் தெரியாது. தெரியாத தண்ணீருக்குள் இன்னொருத்தியின் உடம்பை விட்டுத் தெரிந்துகொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கும் அதே படியில்தான் உட்காருவேன்.

மறுநாள் பெஞ்சமின் சார் என்னைக் கூப்பிட்டார். "காட்சி ரத்தானதுக்குக் காரணம் எழுத்துல கேக்காக. ப்ரோப் பழுதுன்னு போட்டுருவோமா? யாருக்கும் தொல்லை வராது."

"மாட்டேன் சார். நடந்ததைப் போடுங்க. இல்லன்னா நான் போடறேன்."

"எனக்கும் பிள்ளைக இருக்கும்மா," என்றார் அவர். நான் இளகவில்லை. நஸ்ரீனுக்கும் ஓர் அம்மா இருக்கிறாள் என்றேன். நடந்ததை நடந்தபடியே எழுதினார். அதில் ட்ரிப்பர் விஷயத்தில் தன் பெயரையும் அவரே போட்டார். அந்த அளவுக்கு அவர் மனுஷன். வேலையிலிருந்து அவரைத் தூக்கவில்லை. அருவிக்குத் தனி லைன், காற்றுக்குத் தனி லைன், இரண்டுக்கும் தனித்தனி ட்ரிப்பர் வந்தது. அவரே நின்று போட வைத்தார்.

என்னைத்தான் பெரிய தொட்டியிலிருந்து எடுத்தார்கள். புதிதாக வரும் மீன்களை நோய் இருக்கிறதா என்று தனியாக வைத்துப் பார்க்கும் பின்கட்டு அறைக்கு அனுப்பினார்கள். ஜன்னல் கிடையாது. பார்வையாளர் வர மாட்டார்கள். நானாகவே ராஜினாமா செய்வேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் ஓய்வு பெறும் நாள்வரை அங்கேயே இருந்தேன். அந்த அறையின் ப்ரோப்களை வேறு யாரும் தொட விடவில்லை. பெஞ்சமின் சார் வாரம் ஒருமுறை வந்து எண்களைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுவார். அந்தச் சமாச்சாரத்தைப் பற்றி இருவரும் அப்புறம் பேசியதே இல்லை. அவரை மன்னித்துவிட்டீர்களா என்று கொண்டாப்பூரில் கேட்டார்கள். அது அவர்களுக்குத் தேவையில்லாத கேள்வி. ப்ரோப் பொருத்துவதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் செய்தது தப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

பக்குவத்தைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு: சனிக்கிழமை பக்குவமாகத்தான் சொன்னேன், புதுப் ப்ரோப் போடச் சொன்னார்கள். ஞாயிறு காலையில் குவளையை வைத்துப் பக்குவமாகக் காட்டினேன், தூண்டல் என்றார்கள். படியில் உட்கார்ந்த பிறகுதான் நான் சொன்னது காதில் விழுந்தது. உங்கள் சாஃப்ட்வேர் குப்பை என்று கழிக்கிறதே, அதில் ஒரு பெண்ணின் கை இருக்கலாம். கழிக்கும் முன் ஓர் ஆள் எழுந்து போய்த் தண்ணீரைப் பார்க்கட்டும். பழுது ப்ரோப்பிலா, வேறு எதிலாவதா என்று தெரிந்த பிறகு கோட்டை எவ்வளவு வேண்டுமானாலும் மழமழப்பாக்கிக்கொள்ளுங்கள்.

நஸ்ரீன் அந்த வருஷமே அங்கிருந்து போய்விட்டாள். ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிகளில் கடற்கன்னியாக நீந்துகிறாள் என்று கேள்விப்பட்டேன். என்னோடு பேச்சு இல்லை. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும்போது, ஒரு மத்தியானம் புது எண்ணிலிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே ராட்டினச் சத்தம்.

"அம்மா, நான் நஸ்ரீன். விஜயவாடாவுல இருக்கேன்."

"நல்லா இருக்கியா?"

"இங்க தொட்டிகிட்ட ட்ரிப்பர் எங்கன்னு கேட்டேன். அதுல ஒரு பட்டன் இருக்கில்ல, அமுக்கினா விழணும்ல? அமுக்கிக் காட்டுங்கன்னேன். இதுவரைக்கும் எந்தப் பொண்ணும் கேட்டதில்லன்னு சொல்றாங்க. அமுக்குனாங்க. விழவே இல்ல அம்மா!"

"ஐயோ. என்னடி பண்ணே?"

"நான் எறங்க மாட்டேன்னேன். வால் கட்டி மேல உக்காந்தாச்சு. டிக்கெட் வாங்கின ஜனமெல்லாம் பாக்குது. எழுந்து போடின்னு கத்துறாங்க. வாலோட எப்படி நடப்பேன்? நடக்க வராது, வேணும்னா தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்." அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நாலு பேரு சேந்து தூக்கிட்டுப் போனாங்க அம்மா, கூட்டத்துக்கு நடுவுல. நான் எல்லாருக்கும் முத்தம் பறக்க விட்டுட்டே போனேன்."